வெள்ளைத் துணியில் அகப்படும் பகைவன்

கறவை மாட்டின் காதோரத்தில் ஒட்டியிருக்கும் உண்ணியைப் பிடுங்கி எறிவது நம் கிராமங்களில் அன்றாட வேலை. அதன் வயிற்றில் இருப்பது மாட்டின் இரத்தம் மட்டும்தானா என்று நாம் வினவுவதில்லை. வினவியவர்களால் உலகம் அடைந்த நன்மையை நம் அங்கத்தினர்கள் அறிதல் வேண்டும்.

1975-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள லைம் என்னும் சிற்றூரில் குழந்தைகள் பலர் மூட்டு வீக்கத்தால் துன்புறுவது தெரியவந்தது. காரணம் புலப்படவில்லை. 1981-இல் வில்லி பர்க்டார்ஃபர் என்னும் விஞ்ஞானி, வேறொரு காய்ச்சலின் கிருமியைத் தேடி உண்ணிகளை அறுத்துச் சோதித்தார். தேடியது கிடைக்கவில்லை, குடலில் சுருள் வடிவான பாக்டீரியங்கள் தென்பட்டன. லைம் நோயின் மூலம் அவையே என்பது மறு ஆண்டில் வெளியாயிற்று.

நம் நாட்டுக்கும் இவ்வாராய்ச்சி புதிதன்று. 1957-இல் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்தன. அருகிலிருந்த மனிதரும் காய்ச்சலுற்றனர். புனே வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் சோதித்து, உண்ணிகள் பரப்பும் வைரஸே காரணம் எனக் கண்டனர். காட்டில் மேய்ந்த மாடுகள் அந்நோயால் வருந்தவில்லை; ஆயினும் அவற்றின் இரத்தத்தை உண்டே உண்ணிகள் பெருகின.

உண்ணி பிடிக்கும் கருவி யாதென அறிந்தால் நெசவாளர் மகிழ்வர். அது வெறும் வெள்ளைத் துணியே! ஒரு கோலில் கட்டிய துணியைப் புல்லின்மீது மெல்ல இழுத்துச் செல்வர். உண்ணிக்குப் பறக்கவும் தெரியாது, தாவவும் தெரியாது. புல் நுனியில் முன்கால்களை நீட்டிக் காத்திருந்து, உரசிச் செல்வதைப் பற்றிக்கொள்ளும். துணியில் ஏறியவற்றைச் சீசாவில் அடைத்து, இனம் பிரித்து, அரைத்துக் கிருமியைத் தேடுவர்.

பழனிமலை அடிவாரத்துச் சங்கமொன்றைத் தணிக்கை செய்யச் சென்றபோது, நெசவாளி அங்கத்தினர் ஒருவர் பத்து நாட்களாகக் காய்ச்சலில் கிடந்தார். மாட்டுக்குப் புல்லறுக்கப் புதருக்குள் சென்றதை அவர் எவரிடமும் கூறவில்லை. பின்னர் அவர் இடுப்பில் கருகிய சிறு புண்ணை மருத்துவர் கண்டார். அது ஸ்க்ரப் டைபஸ். 'உண்ணிக் காய்ச்சல்' என வழங்கினும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒருவகைச் சிற்றுயிரின் இளம் பருவமே அதனைப் பரப்புவது. டாக்சிசைக்ளின் மருந்தால் அவர் பிழைத்தார். ஆனால் தறி ஒரு மாதம் ஓய்ந்தது. கடன் தவணையும் தவறியது. முதல் நாளே ஒரு சொல் சொல்லியிருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது.

ஆதலின் அன்பர்களே, புதரில் நடந்தபின் காய்ச்சல் கண்டால் அதனை மருத்துவரிடம் முதலிலேயே கூறுங்கள். உண்ணியை விரலால் நசுக்காதீர்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். பின் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். காய்ச்சலுடன் மாடு சிவந்த சிறுநீர் கழித்தால், அதுவும் உண்ணி தந்த நோயாக இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரை நாடுங்கள். சங்கங்கள் ஒன்றுகூடிக் கால்நடைத் துறையினரை அழைத்து, நம் மேய்ச்சல் நிலத்து உண்ணிகளைச் சோதிக்கக் கோரலாம். துணி கொடுக்க நெசவாளர் உளர். வழி காட்ட விவசாயிகள் உளர். கூட்டுறவுக்கு இதனினும் தக்க பணி வேறு யாது?