பிழை நாணயமா, பழுதான நாணயமா?

ஒரு 50 சென் நாணயம் 500 ரிங்கிட்டுக்கு விற்பனைக்கு வருகிறது. ‘அரிய பிழை நாணயம், ஒன்றே ஒன்றுதான் உள்ளது’ என்கிறது விளம்பரம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நாணயத்தின் குறுக்கே ஒரு கோடு. இத்தகைய விளம்பரங்கள் இன்று சமூக ஊடகங்களில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. கைச்செலவுக்குக் கொடுத்த பணத்தைச் சேர்த்துவைத்து இவற்றை வாங்கும் மாணவர்களும் இருக்கிறார்கள்.

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அந்தக் கோடு நாணயச்சாலைக்குள் விழுந்ததா, வெளியே வந்த பிறகு விழுந்ததா? உள்ளே விழுந்திருந்தால் அது பிழை. சேகரிப்பாளர்கள் அதற்கு விலை கொடுப்பார்கள். வெளியே விழுந்திருந்தால் அது வெறும் பழுது. 50 சென்னுக்கு மேல் ஒரு சென்னும் பெறாது.

நாணயம் உருவாகும் விதம்

பிழைகளின் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, நாணயம் எப்படித் தயாராகிறது என்பதைத் தெரிந்துகொள்வது எளிது என்பதே என் அனுபவம். முதலில் நீண்ட உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி எடுக்கிறார்கள். அவற்றைச் சூடேற்றி மென்மையாக்கி, ஓரத்தைச் சற்றே உயர்த்துகிறார்கள். பிறகு மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, சுற்றிலும் ஒரு வளையம். நடுவில் வில்லை அமர்ந்ததும் பல டன் அழுத்தத்தில் ஓர் இடி. இரு பக்கத்துச் சித்திரமும் எழுத்தும் அந்த ஒரே நொடியில் பதிந்துவிடும். ஷா ஆலமில் உள்ள பேங்க் நெகாராவின் நாணயச்சாலையானாலும் சரி, பிற நாட்டு நாணயச்சாலைகளானாலும் சரி, அடிப்படை இதுதான்.

எனவே உண்மையான பிழை மூன்று இடங்களில்தான் பிறக்க முடியும்: வில்லையில், அச்சில், அல்லது இடிக்கும் நேரத்தில். இந்த மூன்றில் எங்கே நேர்ந்தது என்று விளக்க முடியாத ‘பிழை’யைச் சந்தேகிக்கலாம்.

மேடா, பள்ளமா?

அச்சு எஃகால் ஆனது. மீண்டும் மீண்டும் இடித்து இடித்து அதில் விரிசல் விடுவதுண்டு. அடுத்த வில்லையை இடிக்கும்போது உலோகம் அந்த விரிசலுக்குள் புகுந்துவிடும். ஆகவே, அச்சு விரிசலால் வந்த கோடு நாணயத்தின் மேல் மேடாக நிற்கும். கீறல் அப்படியல்ல. அது பள்ளமாக இருக்கும். தோண்டப்பட்ட உலோகம் இரு ஓரங்களிலும் ஒதுங்கியிருக்கும்.

படிவம் 5 படிக்கும் என் சித்தி மகன் அண்மையில் ஒரு படத்தை அனுப்பி, “அக்கா, இது அச்சு விரிசல்தானே? 180 ரிங்கிட் கேட்கிறார்கள்” என்றான். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து மீண்டும் படம் எடுத்து அனுப்பும்படி விற்பனையாளரிடம் கேட்கச் சொன்னேன். நாணயத்தின் எழுத்துகள் பொதுவாக மேடானவை. கோட்டின் நிழல், எழுத்துகளின் நிழல் விழும் பக்கமே விழுந்தால் கோடும் மேடு. எதிர்ப்பக்கம் விழுந்தால் பள்ளம். வந்த படத்தில் நிழல் எதிர்ப்பக்கம் இருந்தது. 180 ரிங்கிட் தம்பியிடமே தங்கியது.

இரட்டை எழுத்து

பிழை நாணயங்களில் உலகப் புகழ்பெற்றது 1955-ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட். அதன் அச்சைத் தயாரிக்கும்போதே உருவம் சற்று விலகி இருமுறை பதிந்துவிட்டது. அந்த அச்சில் அடித்த நாணயங்களில் 20,000-க்கும் மேற்பட்டவை புழக்கத்துக்கு வந்துவிட்டன. ஆண்டும் எழுத்துகளும் வெறுங்கண்ணுக்கே இரண்டிரண்டாகத் தெரியும். இரண்டு உருவங்களும் ஒரே மாதிரி உருண்டு, முழுமையாக இருக்கும்.

இதைப் போலவே தோன்றும் வேறொன்றும் உண்டு. இடிக்கும்போது அச்சு லேசாக ஆடினால், எழுத்தின் ஓரம் நசுங்கித் தட்டையான படிக்கட்டுப் போல் ஆகும். அது நாணயச்சாலையிலேயே நேர்ந்தாலும் சேகரிப்பாளர்கள் அதற்குத் தனி விலை தருவதில்லை.

கடித்த பிஸ்கட்

சில நாணயங்களின் ஓரத்தில் பிஸ்கட்டைக் கடித்தது போல் ஒரு பகுதி இருக்காது. வில்லை வெட்டும் கருவி, ஏற்கெனவே துளை விழுந்த இடத்தை ஒட்டி வெட்டினால் இப்படி ஆகும். இது உண்மையா என்று அறிய, கடிபட்ட இடத்துக்கு நேர் எதிர்ப்புறம் பாருங்கள். ஓரத்தை உயர்த்தும்போது ஒரு பக்கம் உலோகம் இல்லாததால் மறுபக்கமும் போதிய அழுத்தம் பெறாது. ஆகவே எதிர் விளிம்பு பெரும்பாலும் மங்கலாக இருக்கும். எதிர் விளிம்பு எடுப்பாகவும், வெட்டு எழுத்துகளைக் கூர்மையாக அறுத்துச் செல்வதாகவும் இருந்தால், அது வீட்டில் அரத்தாலோ ரம்பத்தாலோ செய்த வேலையாக இருக்கலாம்.

எழுத்துகள் தலைகீழாகப் பள்ளமாகப் பதிந்திருந்தாலும் எச்சரிக்கை தேவை. இரண்டு நாணயங்களை ஒன்றாக வைத்து இடுக்கியில் நெரித்தாலே இப்படிச் செய்துவிடலாம். அப்படி நெரித்த நாணயத்தில், அந்த எழுத்துகளைச் சுற்றியுள்ள சொந்தச் சித்திரம் நசுங்கியிருக்கும்.

தராசும் காந்தமும்

2012-இல் அறிமுகமான நமது 50 சென்னின் எடை 5.66 கிராம். மெலிந்து, எழுத்து மங்கிய நாணயத்தை ‘மெல்லிய வில்லைப் பிழை’ என்று விற்பார்கள். அமிலத்தில் ஊறவைத்தாலும் நாணயம் இளைக்கும். வித்தியாசம் என்னவென்றால், அமிலம் எழுத்து, விளிம்பு, சித்திரம் எல்லாவற்றையும் சேர்த்தே அரித்திருக்கும்.

போர்க்காலத்தில் செம்பைச் சேமிக்க, 1943-இல் அமெரிக்கா ஒரு சென்ட் நாணயத்தைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. தவறுதலாக வெண்கல வில்லையில் அடிபட்ட சில நாணயங்கள் இன்று பெரும் விலைக்குப் போகின்றன. எஃகு நாணயத்துக்குச் செம்பு முலாம் பூசி ஏமாற்றியவர்களும் உண்டு. ஒரு சிறு காந்தம் அந்தக் குட்டை உடைத்துவிடும்: எஃகு ஒட்டும், வெண்கலம் ஒட்டாது.

பிழையே இல்லாதது

அமெரிக்க நாணயத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் மறுபக்கம் தலைகீழாக நிற்கும். நம் நாட்டு நாணயத்தில் நேராக நிற்கும். இது அந்தந்த நாட்டு வழக்கமே. மாறாக, பிரிட்டனின் 2008-ஆம் ஆண்டு 20 பென்ஸ் உண்மையான பிழை. புதிய வடிவமைப்பில் ஆண்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறியது. புதிய பக்கத்தோடு பழைய அச்சு சேர்ந்துகொண்டதால், சில நாணயங்கள் ஆண்டே இல்லாமல் வெளிவந்தன. காரணத்தைத் தெளிவாகச் சொல்ல முடிகிறது அல்லவா? அதுதான் நல்ல பிழை நாணயத்தின் அடையாளம்.

வாங்க நினைத்தால் இரு பக்கப் படங்களோடு விளிம்பின் படத்தையும் எடையையும் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். கையில் உள்ள நாணயத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம். அதுவும் ஒரு பழுதே. தேட விரும்புவோர் வீட்டு உண்டியலிலிருந்து தொடங்கலாம். அங்கே பிழை நாணயம் எதுவும் கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை. 50 சென் அப்போதும் 50 சென்தான்.