ஓட்டுக்குள் முதல் மூச்சு

வீட்டில் முட்டை பொரிக்க வைத்து, குஞ்சு எடுத்து வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது சூட்டைப் பற்றித்தான். எத்தனை வாட் பல்பு போடுவது, கரண்ட் போனால் என்ன செய்வது என்பார்கள். சூடு முக்கியம்தான். விசிறி வைத்த இன்குபேட்டரில் 37.5 டிகிரி செல்சியஸ் இருந்தால் 21ஆம் நாள் குஞ்சு வரும். ஆனால் சூடு சரியாக இருந்தும், 20ஆம் நாள் வரை உயிரோடிருந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடப்பதுண்டு. அந்தச் சாவுகளில் பல, மூச்சோடு சம்பந்தப்பட்டவை.

கோழிமுட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் சுமார் 10,000 இருக்கின்றன. அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஹெர்மன் ரான் என்ற உடலியல் அறிஞரும் அவரது சகாக்களும் 1970களில் இந்தத் துளைகளின் வேலையை நுணுக்கமாக அளந்தார்கள். 60 கிராம் முட்டை ஒன்றுக்குள் 21 நாளில் ஏறக்குறைய 6 லிட்டர் ஆக்சிஜன் போகிறது, 4.5 லிட்டர் கரியமில வாயுவும் 11 லிட்டர் நீராவியும் வெளியேறுகின்றன. இதில் பெரும்பகுதி நெஞ்சு ஒருமுறைகூட ஏறி இறங்காமல் நடக்கிறது. ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிப் படர்ந்திருக்கும் ரத்தக்குழாய்ச் சவ்வுதான் முதல் மூச்சு வரை கருவுக்கு நுரையீரல்.

அந்தச் சவ்வை நாமே பார்க்கலாம். ஏழாம் நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, முட்டையின் அகன்ற முனையில் டார்ச்சை ஒட்டிப் பிடித்தால், நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி, அதிலிருந்து நாலாபக்கமும் கிளை பிரியும் சிவப்புக் கோடுகள். வெறுமனே மஞ்சளாக வெளிச்சம் ஊடுருவினால் அது கூமுட்டை, எடுத்துவிடலாம். கடையில் வாங்கிய வெள்ளை முட்டையை வைத்திருந்தால் எல்லாமே அப்படித்தான் இருக்கும். நாமக்கல் பண்ணைக் கூண்டுகளில் சேவலே கிடையாது. சேவலோடு மேயும் நாட்டுக்கோழியின் முட்டைதான் வேண்டும், அதுவும் ஒரு வாரத்துக்குள் இட்டதாக. நம் கோடையில் இன்னொரு சங்கடம்: சுமார் 20 டிகிரிக்கு மேலே போனாலே கரு அரைகுறையாக வளரத் தொடங்கும். 35 டிகிரி வெயிலில் அலமாரியில் கிடந்த முட்டை, அடை வைக்கும் முன்பே பாழாகிவிடலாம். ஈரமணல் மேல் வைத்த மண்சட்டியில் முட்டையைச் சேர்த்து வைக்கும் வழக்கத்தில் நல்ல அறிவியல் இருக்கிறது.

ஈரப்பதத்துக்கு வருவோம். நீராவி வெளியேற வெளியேற முட்டையின் எடை குறையும். அகன்ற முனையில் காற்றறை பெரிதாகும். 45 கிராம் நாட்டு முட்டை 18ஆம் நாளில் 40 கிராமை ஒட்டி நிற்க வேண்டும். வீட்டுத் தராசே போதும். அதிகமாகக் காய்ந்தால் சவ்வு தோலாக இறுகிக் குஞ்சைக் கட்டிப்போடும். காயவே இல்லையென்றால் காற்றறை சிறுத்து, குஞ்சு மூச்செடுக்க இடம் இருக்காது. முதல் 18 நாள் 50 சதவீத ஈரப்பதத்தை ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். பெட்டிக்குள் வைக்கும் தண்ணீர்க் கிண்ணத்தின் அளவு ஊருக்கு ஊர் மாறும். சென்னைக்கும் கோவைக்கும் ஒரே கணக்கு ஆகாது. இடி இடித்தால் அடைமுட்டை கெட்டுவிடும் என்று கூடைக்குள் இரும்புத் துண்டும் கரித்துண்டும் போடுகிறார்களே, அந்தப் பழி இடியைவிட மழைக்காலத்து ஈரக்காற்றுக்கே பொருந்தும் என்பது என் ஊகம்.

அடைக்கோழி அலகால் முட்டையை அடிக்கடி உருட்டிவிடும். அப்படி உருட்டாவிட்டால் கரு ஓட்டுச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். கையால் திருப்புகிறவர்கள் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் போட்டுக்கொண்டு, நாளுக்கு மூன்று அல்லது ஐந்து முறை திருப்பலாம். ஒற்றைப்படையாக இருந்தால் ஒவ்வொரு நீண்ட ராத்திரியிலும் ஒரே பக்கம் கீழே கிடக்காது. 18ஆம் நாளோடு நிறுத்திவிட வேண்டும். அதன்பின் குஞ்சு தன் தலையை வலது இறக்கைக்குள் செருகி, அலகைக் காற்றறைப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும். இனி ஈரப்பதம் 65-70 சதவீதம்.

வளர்ந்துவிட்ட குஞ்சுக்குத் துளைகள் வழியாக வரும் காற்று போதாமல் போகிறது. கரியமில வாயு ஏறுகிறது. அந்த நெருக்கடிதான் உந்துகிறது. பின்கழுத்துத் தசை இழுக்க, அலகு காற்றறைச் சவ்வைக் கிழிக்கிறது. அதுதான் முதல் மூச்சு. முட்டையைக் காதில் வைத்தால் ‘கீச்’ என்ற குரல் கேட்கும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. காற்றறையில் உள்ளது சில மணி நேரத்துக்கான காற்று. அதற்குள் மேலலகின் நுனியிலுள்ள சிறு கடினப் புடைப்பால் ஓட்டைக் கொத்தி ஒரு துளை போட்டாக வேண்டும்.

போட்டதும் அசையாமல் கிடக்கும். ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம், சிலசமயம் அதற்கும் மேலே. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த இடத்தில்தான் அழுகை: “அப்பா, பாவம்ப்பா, நாமளே உடைச்சு விட்டுடலாம்!” செய்யக் கூடாது. உள்ளே இரண்டு வேலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓட்டுச் சவ்வில் ஓடிய ரத்தம் உடம்புக்குள் திரும்ப வேண்டும். மிச்சமுள்ள மஞ்சள்கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் போக வேண்டும். முந்திக்கொண்டு ஓட்டைப் பிய்த்தால் உயிருள்ள ரத்தக்குழாய் அறுந்து, வெள்ளை ஓட்டில் சிவப்பாகக் கசியும். பலருக்கும் அந்தத் துளி விழுந்த பிறகுதான் விஷயம் புரிகிறது. நேரம் வந்ததும் குஞ்சு தானே சுற்றிச் சுற்றிக் கொத்தி, ஓட்டை மூடிபோலத் திறந்து வெளியே வரும். இன்குபேட்டரையும் அடிக்கடி திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். ஈரம் போனால் பாதி வழியில் சவ்வு காய்ந்து ஒட்டிவிடும்.

உள்ளே போன மஞ்சள்கரு இரண்டு நாளுக்கு மேல் தாங்கும். துளையிட்ட அட்டைப்பெட்டியில் ஒருநாள் குஞ்சுகளை வெளியூருக்கு அனுப்ப முடிவது இதனால்தான். பசியைத் தாங்கும் குஞ்சு குளிரைத் தாங்காது. முதல் வாரம் அதைச் சுற்றி 35 டிகிரி வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். சந்தையில் சாயம் பூசி விற்கும் கலர் குஞ்சுகள் வீட்டுக்கு வந்த நாலாம் நாளே சாவதற்குக் குளிரும் ஒரு காரணம்.

செல்லக்குஞ்சு என்றால் பழக்கமும் வேண்டும் அல்லவா? டக்ளஸ் ஸ்பால்டிங் என்ற ஆங்கிலேயர் 1873இல் எழுதிய கட்டுரையில் இதற்கான பதில் இருக்கிறது. பொரிந்த குஞ்சுகளின் கண்ணை மறைக்கச் சின்ன முக்காடு மாட்டிவிட்டார் மனிதர். ஓரிரு நாளில் கழற்றியபோது அவை அவர் பின்னாலேயே ஓடின. நாலு நாள் கழித்துக் கழற்றியவை அவரைக் கண்டு அலறி ஓடின. ஆகவே முதல் இரண்டு நாள் அருகிலிருந்து பேசுங்கள், கையில் தீனி கொடுங்கள். ஒற்றைக் குஞ்சை மட்டும் வளர்க்காதீர்கள், துணையில்லாமல் நாள் முழுக்கக் கத்தும்.

மூன்று முட்டையாவது வையுங்கள். பொரிப்பதில் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் இருக்கும் என்பதை அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் முதலிலேயே யோசித்துக்கொள்வது நல்லது. நாலைந்து மாதத்தில் விடிவதற்கு முன்பே கூவத் தொடங்கிவிடும்.