வேப் கருவியில் கசியும் ஈரம்... அது வெறும் தண்ணீர் அல்ல!

பார்த்தால் பென் டிரைவ் போல இருக்கும். சில, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஹைலைட்டர் பேனா போலவே இருக்கும். முனையில் பிசுபிசுவென்று ஈரம், கிட்டப் போனால் மாம்பழமோ புதினாவோ மணக்கும். விடுதியிலிருந்து ஊருக்கு வந்த பிள்ளையின் பையில் இப்படி ஒன்றைப் பார்த்தால், அது ‘வேப்’ எனப்படும் இ-சிகரெட்டாக இருக்கலாம். அதைப் பயன்படுத்துகிறவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, ‘திரவம் கசியுது, வாய்க்குள்ள தெறிக்குது’ என்பதுதான். அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது, அதை என்ன செய்வது என்பதைக் குடும்பத்தில் எல்லோருமே தெரிந்துகொள்வது நல்லது.

ஏன் கசிகிறது?

கருவிக்குள் ஒரு சிறிய திரவத் தொட்டி, அதை உறிஞ்சும் பஞ்சு, சூடாகும் கம்பிச் சுருள், ஒரு லித்தியம் பேட்டரி. அவ்வளவுதான். இழுக்கும்போது கம்பி சூடாகி, திரவம் மிக நுண்ணிய துளிகளாகப் பறக்கிறது. பலர் நினைப்பதுபோல அது நீராவி அல்ல.

இட்லிக் குண்டானின் மூடியைத் திறந்தால் உள்பக்கம் முத்து முத்தாக நீர் நிற்குமே, அதேபோல அந்தத் துளிகளும் குளிர்ந்த வாய்முனையில் பட்டு ஒன்றுசேர்கின்றன. இது முதல் காரணம்.

இரண்டாவது, பலமாக உறிஞ்சுவது. பஞ்சு தாங்கும் அளவைவிட அதிகத் திரவம் சுருளுக்கு வந்துவிடும். அதுதான் சூடாக வாயில் தெறிக்கிறது.

மூன்றாவது, வெயில். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் பெட்டிக்குள் கிடந்தால் திரவம் இளகி, உள்ளே இருக்கும் காற்று விரிந்து, திரவத்தை வெளியே தள்ளும். விமானத்தில் காற்றழுத்தம் குறையும்போதும் இதே கதைதான்.

நான்காவது, பழைய சுருளும் தேய்ந்த ரப்பர் வளையமும்.

கசிந்தது தானாகக் காய்ந்துவிடும் என்றும் விட முடியாது. அந்தத் திரவத்தில் பெரும்பகுதி கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும். இரண்டுமே காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பவை. பனிமூட்டத்தில் களத்தில் கொட்டிய நெல் காயாமல் கிடப்பதுபோல, அதுவும் பிசுக்காகவே கிடக்கும்.

துடைத்தால் போதாதா?

வாயால் ஊதித் தள்ளுகிறார்கள், துணியால் துடைக்கிறார்கள், கையை உதறிவிட்டு மறுபடியும் இழுக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அந்த ஈரத்தில் பெரும்பாலும் நிக்கோட்டின் கலந்திருக்கும். வலுவான திரவங்களில் ஒரு மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் வரைகூட இருக்கும். அது தோல் வழியாகவே உடலுக்குள் போகும்.

வேதாரண்யம் பக்கம் புகையிலை விளைவதை டெல்டாக்காரர்கள் அறிவார்கள். பனியிலோ மழையிலோ நனைந்த புகையிலை இலையை வெறுங்கையால் பறிப்பவர்களுக்கு வாந்தி, தலைசுற்றல், தலைவலி வருவதைப் பல நாடுகளில் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இதற்குப் ‘பச்சைப் புகையிலை நோய்’ என்று பெயர். இலையின் ஈரத்தில் கரைந்த நிக்கோட்டின் தோலுக்குள் இறங்குவதே காரணம். இலையின் ஈரமே இப்படிச் செய்யுமென்றால், செறிவூட்டிய திரவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் பெரிது. இனிப்பு வாசனை அவர்களை இழுக்கும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 2014 டிசம்பரில் திரவ நிக்கோட்டினை விழுங்கிய ஒரு குழந்தை இறந்தது. அதன்பிறகுதான் அந்தப் புட்டிகளுக்குக் குழந்தைகள் திறக்க முடியாத மூடி வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. நம் ஊரில் திருட்டுத்தனமாகக் கைமாறும் கருவிகளில் என்ன திரவம், எவ்வளவு நிக்கோட்டின் என்று யார் உறுதி சொல்வது?

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 2018-லேயே தடை வந்துவிட்டது. 2019-ல் மத்திய அரசின் சட்டம் நாடு முழுவதும் இ-சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் எல்லாவற்றையும் தடை செய்தது. விற்று முதன்முறை பிடிபட்டாலே ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தஞ்சாவூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டை பக்கமிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே 2018 பிப்ரவரி முதல் வேப் கருவியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். மயக்க மருந்தான எட்டோமிடேட் கலந்த வேப்கள் பரவியதால், 2025 செப்டம்பர் 1 முதல் பிடி இன்னும் இறுகிவிட்டது. மறுபடியும் சிக்கும் வெளிநாட்டவர்களின் வேலை அனுமதி ரத்தாகி, ஊருக்குத் திருப்பி அனுப்பப்படலாம். கடன் வாங்கிப் போன குடும்பத்துக்கு அது எப்பேர்ப்பட்ட அடி!

வீட்டில் கண்டால்...

* வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை அல்லது பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு எடுங்கள். சிந்திய இடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள்.
* கையில் பட்டால் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் கழுவுங்கள். துணியில் பட்டால் உடனே மாற்றுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் நீரால் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.
* குழந்தை வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். அந்தக் கருவியையும் பையில் போட்டு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். வாந்தி, உமிழ்நீர் ஒழுகுதல், வியர்வை, நடுக்கம், வலிப்பு எல்லாம் நிக்கோட்டின் நஞ்சின் அடையாளங்கள்.
* நனைந்த கருவியைச் சார்ஜ் போடாதீர்கள். குப்பையோடு சேர்த்துக் கொளுத்தவும் கூடாது. பேட்டரி வெடிக்கலாம். மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

பிள்ளையிடம் எடுத்த எடுப்பில் கத்தினால், அடுத்த முறை இன்னும் நன்றாக ஒளித்து வைப்பான். மகளாக இருந்தாலும் அப்படித்தான். எப்போதிலிருந்து, யார் கொடுத்தது, விட முடிகிறதா என்று நிதானமாகக் கேளுங்கள். நிக்கோட்டின் பிடித்தவர்களுக்கு விட வேண்டும் என்ற ஆசை மட்டும் போதாமல் போகலாம், உதவி தேவைப்படும். புகையிலைப் பழக்கத்தை விட உதவும் தேசிய இலவச எண்: 1800-11-2356. கசிவை நிறுத்த வழி தேடும் பிள்ளைக்கு, பழக்கத்தை நிறுத்தும் வழியைக் காட்டுங்கள்.