மழைக்காலக் காய்ச்சலும் வீட்டுக் குடிநீரும்: மன்னார் மக்கள் கவனிக்க வேண்டியவை

வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் மன்னாரில் பல வீடுகளில் மல்லியும் வேர்க்கொம்பும் அடுப்பேறிவிடும். தடிமன், தொண்டைநோ, உடம்பு உளைவு எதுவென்றாலும் முதல் மருந்து அதுதான். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிப் பெருநிலப்பரப்பில் இருந்தவர்களுக்குப் பல வேளைகளில் கையில் இருந்த ஒரே மருந்தும் அதுவே. அந்தக் கைமருந்து இன்றும் பயன்தரும். ஆனால் அதைச் சரியாகக் காய்ச்ச வேண்டும். எந்தக் காய்ச்சலுக்கு அது போதாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

காய்ச்சும் முறை

கொத்தமல்லி, வேர்க்கொம்பு, பற்படாகம், கண்டங்கத்தரி, மரமஞ்சள் ஆகிய ஐந்தும் சேர்ந்ததே இலங்கை முழுவதும் அறியப்பட்ட ஐஞ்சரக்குக் குடிநீர். சிங்களத்தில் 'பஸ்பங்குவ' என்பார்கள். ஒவ்வொன்றிலும் 12 கிராம் எடுத்துக் கழுவி, இடித்து, மண்சட்டியில் 8 கோப்பை தண்ணீர் விட்டு, மெல்லிய நெருப்பில் 1 கோப்பையாக வற்றவைக்க வேண்டும். வடித்து, வளர்ந்தவர்கள் காலையில் அரைக் கோப்பை, மாலையில் அரைக் கோப்பை குடிக்கலாம். அடுத்த நாளுக்கு வைக்கக்கூடாது. அலுமினியப் பாத்திரத்தைத் தவிர்ப்பது நல்லது.

தண்ணீர் விடயத்தில் மன்னாரில் தனிக் கவனம் வேண்டும். 8 கோப்பை 1 கோப்பையாகும்போது தண்ணீர்தான் ஆவியாகிறது. உப்பு அப்படியே சட்டியில் தங்கி எட்டு மடங்கு செறிவாகிறது. கிணறு உவரான வீடுகளில் குழாய்க் குடிநீரையோ சுத்தமாகச் சேர்த்த மழைநீரையோ பயன்படுத்துங்கள். இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம்.

மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் இரத்தச் சீனியைக் குறைக்கக்கூடியது. நீரிழிவுக்குக் குளிசை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஆகியோர் வைத்தியரைக் கேட்காமல் இதைக் குடிக்கக்கூடாது. குழந்தைகளுக்கும் கேட்காமல் கொடுக்கக்கூடாது.

எல்லா மூலிகையும் கொதிக்கவைக்க ஏற்றதல்ல. சீனாவில் மலேரியாவுக்கு மருந்து தேடிய தூ யூயூ, ஒரு மூலிகையைச் சூடாக்கி எடுத்த சாறு சரியாக வேலை செய்யாததைக் கண்டார். அதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி பழைய சீன மருத்துவ நூலொன்று சொல்லியிருந்தது. அதன்படி குறைந்த சூட்டில் பிரித்தெடுத்தபோதுதான் ஆர்ட்டிமிசினின் கிடைத்தது. அதற்காக 2015இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆகவே புதிதாகக் கேள்விப்படும் மூலிகையை நாமாக அவித்துக் குடிப்பது சரியல்ல.

எங்கே நிறுத்துவது?

இலங்கை மலேரியா இல்லாத நாடு என 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே, மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு மன்னார்த் தீவில் கண்டறியப்பட்டது. கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகும் நுளம்பு அது. தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பியவர்களும் வெளிநாடு போய்வந்தவர்களும் காய்ச்சல் வந்தால் பயணத்தைச் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரச வைத்தியசாலைகளில் அது இலவசம்.

டெங்குவில் வேறொரு ஆபத்து. மூன்றாம், நான்காம் நாளில் காய்ச்சல் விட்டதும் குடிநீர் கேட்டுவிட்டது என்று நிம்மதியடைகிறோம். நோயின் கடுமையான கட்டம் தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். வயிற்றுநோ, விடாத வாந்தி, இரத்தக் கசிவு, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அஸ்பிரின், இபுபுரூபன் குளிசைகளைத் தொடவே கூடாது.

கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வயலில் இறங்கியவர்களுக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண்சிவப்பும் இருந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தாமதமின்றித் தேவை.

அன்று வைத்தியசாலைக்குப் போக வழியில்லாமல் குடிநீரோடு காத்திருந்தோம். இன்று வழி இருக்கிறது. இரண்டு நாளுக்கு மேல் நீடிக்கும் எந்தக் காய்ச்சலுக்கும் இரத்தத்தைப் பரிசோதியுங்கள். அங்கே போகும்போது வீட்டில் என்ன குடிநீர் குடித்தீர்கள் என்பதையும் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.