சமதர்மமும் பொதுவுடைமையும்: புனே–நாசிக் சாலையோரத்திலிருந்து ஒரு விளக்கம்

நம் பிள்ளைகள் இங்கே படிக்கிற மராட்டிப் பாடப்புத்தகத்தைத் திறந்தால், முதல் பக்கங்களிலேயே அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரை அச்சாகியிருக்கும். அதில் 'சமாஜ்வாதி' என்று ஒரு சொல் வருகிறது. தமிழில் அதை 'சமதர்ம' என்று பெயர்த்திருக்கிறார்கள். 1950-இல் நடைமுறைக்கு வந்த மூலத்தில் இந்தச் சொல் கிடையாது. 1976-இல் 42-ஆம் திருத்தத்தின் மூலம் சேர்த்ததுதான். இதை நீக்க வேண்டும் என்று தொடுக்கப்பட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 25 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. இங்கே சமதர்மம் என்றால் மக்கள் நல அரசு, வாய்ப்பில் சமத்துவம் என்று பொருள். தனியார் தொழிலுக்கு அது தடையல்ல என்பது நீதிமன்றத்தின் விளக்கம்.

இதைச் சங்கத்து நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "அப்படீன்னா நாம எல்லாரும் சட்டப்படி கம்யூனிஸ்டா?" என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் நம்மில் பலருக்கு இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் இருக்கிறது. கம்பெனி வாசலில் கொடி கட்டினால் கம்யூனிஸ்ட், சம்பள உயர்வு கேட்டால் கம்யூனிஸ்ட் என்று சொல்லிவிடுகிறோம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். மராட்டியில் சோஷலிசம் 'சமாஜ்வாத்', கம்யூனிசம் 'சாம்யவாத்'. தமிழில் இன்று சமதர்மம், பொதுவுடைமை என்கிறோம். ஆனால் தொடக்கத்தில் இந்த வேலி இவ்வளவு உயரமாக இல்லை. மார்க்ஸும் ஏங்கெல்ஸும் 1848-இல் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கையைப் பெரியாரின் 'குடிஅரசு' 1931-இல் தமிழில் வெளியிட்டபோது, அதற்கு 'சமதர்ம அறிக்கை' என்றே பெயர் வைத்தார்கள். இலங்கையில் 1935-இல் இடதுசாரிகள் கட்சி தொடங்கியபோது 'சமசமாஜம்' என்று வேறொரு சொல்லை எடுத்துக்கொண்டார்கள். லங்கா சமசமாஜக் கட்சி என்ற பெயர் நம்மில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அவர்கள் ஸ்டாலினை ஏற்காமல் டிராட்ஸ்கி வழி நின்றவர்கள். அதை விரித்தால் தனிக் கட்டுரையாகிவிடும்.

குழப்பத்துக்கு வேர் மார்க்ஸிடமே இருக்கிறது. முதலாளித்துவம் வீழ்ந்த பிறகு வரும் சமுதாயத்தை அவர் 1875-இல் இரண்டு படிகளாகப் பார்த்தார். முதற்படியில் ஆலையும் நிலமும் சமுதாயத்தின் சொத்து. ஆனாலும் அவனவன் உழைத்த அளவுக்குத்தான் பங்கு. இரண்டாம் படியில் விளைச்சல் பெருகி, தேவைக்கு ஏற்பப் பங்கு. முதற்படிக்கு 'சோஷலிசம்' என்றும் இரண்டாவதற்குக் 'கம்யூனிசம்' என்றும் 1917-இல் பெயரிட்டுப் பிரித்தவர் லெனின். கம்யூனிஸ்ட் கட்சி ஆண்ட நாடு தன்னை 'சோவியத் சோஷலிஸ்ட்' குடியரசு என்று ஏன் அழைத்துக்கொண்டது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. கம்யூனிஸ்டுக்குச் சோஷலிசம் வழியில் வருகிற ஸ்டேஷன். சோஷலிஸ்டுக்கு அதுவே இறங்க வேண்டிய ஊர்.

1914 வரை இருவரும் ஒரே வண்டியில்தான் போனார்கள். அந்த ஆண்டு உலகப் போர் மூண்டபோது ஜெர்மன் சோஷலிஸ்டுகள் நாடாளுமன்றத்தில் போர்ச் செலவுக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். தொழிலாளியைத் தொழிலாளியே சுடுவதற்கா பணம் என்று லெனின் கொதித்தார். 1918-இல் தம் கட்சியின் பெயரைக் கம்யூனிஸ்ட் என்று மாற்றினார். 1919-இல் தனி அகிலம் கண்டார். அதன்பின் ஒரு சாரார் தேர்தல், சட்டம், வரி, இலவச மருத்துவம் என்று ஐரோப்பாவில் போனார்கள். பிரிட்டனில் லேபர் கட்சி 1948-இல் கொண்டுவந்த தேசிய மருத்துவ சேவை அந்த வழியில் வந்தது. மறு சாரார் ரஷ்யா, 1949-க்குப் பின் சீனா என்று போனார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். சாகணில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இந்த வரலாற்றைத் தேடி மாஸ்கோ போக வேண்டாம். வீட்டு வாசலில் ஓடுகிற புனே–நாசிக் சாலையே போதும்.

சாகணிலிருந்து வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ராஜ்குருநகர். பழைய பெயர் கேட். பகத்சிங்குடன் 1931 மார்ச் 23 அன்று லாகூரில் தூக்கிலேறிய சிவராம் ராஜ்குரு பிறந்த ஊர். அவர்களுடைய அமைப்பு 1928-இல் டெல்லி பெரோஸ் ஷா கோட்லாவில் கூடித் தன் பெயரில் 'சோஷலிஸ்ட்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது. வெள்ளைக்காரன் போனால் மட்டும் போதாது, சுரண்டலும் போக வேண்டும் என்பதற்காகச் சேர்த்த சொல் அது. இன்னும் மேலே போய் நாராயண்காவில் இடப்பக்கம் திரும்பினால் ஜுன்னர். சோஷலிஸ்ட் தலைவர் எஸ்.எம். ஜோஷி 1904-இல் பிறந்த ஊர். சாலையின் முடிவில் நாசிக். அந்த மாவட்டத்தில் 1899-இல் பிறந்தவர் எஸ்.ஏ. டாங்கே. 'காந்தியும் லெனினும்' என்று ஒப்பிட்டு 1921-இல், இருபத்திரண்டு வயது நிரம்புமுன் நூல் எழுதியவர். 1928-இல் பம்பாய் மில் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தத்தில் முன்நின்றவர். ஆக ஆயுதப் புரட்சியாளர், ஜனநாயக சோஷலிஸ்ட், கம்யூனிஸ்ட் மூவரும் ஒரே சாலைக்காரர்கள்!

நாசிக் சிறைக்கும் இதில் பங்கு உண்டு. சட்டமறுப்பு இயக்கத்தில் கைதாகி 1932, 33-இல் அங்கே அடைபட்டிருந்த ஜெயப்பிரகாஷ் நாராயண், மினு மசானி, அச்யுத் பட்வர்தன், அசோக் மேத்தா போன்ற இளைஞர்கள் பேசிப் பேசி உருவாக்கியதுதான் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி. 1934-இல் அது பிறந்தது. அதே ஆண்டு அரசு கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்ததால், பிற்பாடு கம்யூனிஸ்டுகளும் இந்தக் கட்சிக்குள் வந்து சேர்ந்தார்கள். ஒரே கூரைக்குள் சில ஆண்டுகள். 1940-இல் கம்யூனிஸ்டுகளை வெளியேற்றினார்கள். விளைவு என்னவென்றால், தெற்கே கட்சியே காலி. கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட், தமிழ்நாட்டில் பி. ராமமூர்த்தி, ஜீவானந்தம் என்று தெற்குக் கிளைகள் அப்படியே கம்யூனிஸ்ட் கட்சியாகிவிட்டன. தமிழ்நாட்டில் கம்யூனிஸ்ட் கட்சி தெரிந்த அளவுக்குச் சோஷலிஸ்ட் கட்சி தெரியாமல் போனதற்கும், மராட்டியத்தில் இரண்டும் தெரிந்திருப்பதற்கும் இது முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

ஏன் வெளியேற்றினார்கள்? கொள்கையைவிடக் கட்சி நடத்தும் முறைதான் பெரிய தகராறு. கம்யூனிஸ்ட் கட்சியில் விவாதம் முடிந்து மேல்கமிட்டி முடிவெடுத்துவிட்டால், எதிர்த்துப் பேசியவனும் அதையே வெளியில் சொல்ல வேண்டும். ஜனநாயக மத்தியத்துவம் என்பார்கள். அந்த நாளில் மேல்கமிட்டிக்கும் மேலே மாஸ்கோ இருந்தது. ஹிட்லர் 1941-இல் ரஷ்யாவைத் தாக்கியதும் இது மக்கள் யுத்தம் என்று கட்சி அறிவித்தது. 1942-இல் சோஷலிஸ்டுகள் தலைமறைவாக 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தை நடத்தியபோது கம்யூனிஸ்டுகள் ஒதுங்கி நின்றார்கள். அந்தக் காயம் வெகுநாள் ஆறவில்லை.

சோஷலிஸ்டுகள் கதை நேர்மாறு. ஆளுக்கொரு கருத்து, கருத்துக்கொரு கட்சி. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிற கடை மாதிரி பிரிந்தார்கள், சேர்ந்தார்கள், மறுபடி பிரிந்தார்கள். 1977-இல் ஜனதாவில் கரைந்தே போனார்கள். கம்யூனிஸ்டுகள் பிரிந்தது குறைவு. 1964 ஏப்ரலில் தேசியக் கவுன்சிலிலிருந்து 32 பேர் வெளியேறி மார்க்சிஸ்ட் கட்சி உருவானது. 2023-இல் நூறு வயதைத் தாண்டி மறைந்த நம் என். சங்கரய்யா அந்த 32 பேரில் ஒருவர். 1969-இல் நக்சல்பாரி வழியினர் தனியே போனார்கள். வாக்குப்பெட்டியா, துப்பாக்கியா என்ற கேள்வி கம்யூனிஸ்டுகளுக்குள்ளேயே உண்டு என்பதை இது காட்டும். 1957-இல் கேரளத்தில் வாக்குப்பெட்டி வழியாகவே ஈ.எம்.எஸ். ஆட்சி அமைத்தார். ஆகவே தேர்தலை ஏற்பவன் சோஷலிஸ்ட், ஏற்காதவன் கம்யூனிஸ்ட் என்ற சூத்திரம் இந்தியாவில் செல்லாது.

இந்த இடத்தில் தமிழர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நிகழ்ச்சி உண்டு. 1954-இல் திருவிதாங்கூர்-கொச்சியில் பட்டம் தாணுப்பிள்ளை தலைமையில் பிரஜா சோஷலிஸ்ட் ஆட்சி. தமிழ்ப் பகுதிகளைத் தாய்த்தமிழகத்தோடு சேர்க்கக் கோரிப் போராடிய மக்கள் மீது ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. பலர் மாண்டார்கள். அப்போது அதே கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா உத்தரப்பிரதேசத்தில் சிறையில் இருந்தார். சுட்டது தம் கட்சியின் அரசு. அங்கிருந்தே, மந்திரிசபை ராஜினாமா செய்ய வேண்டும் என்று தந்தி கொடுத்தார். ஆயுதம் எடுக்காத மக்களைச் சுடுகிற அரசுக்குச் சோஷலிஸ்ட் என்ற பெயர் பொருந்தாது என்பது அவர் வாதம். கட்சி கேட்கவில்லை. 1955 முடிவதற்குள் கட்சி பிளந்தது, லோகியா வெளியேறினார். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் நம்மோடு சேர்ந்தது. நம்மவர் சிந்திய ரத்தத்துக்காக ஒரு வடநாட்டுத் தலைவர் சொந்தக் கட்சியையே இழந்தார் என்பதை எத்தனை பேர் அறிவோம்? கம்யூனிஸ்டுகளுக்கும் இதே சோதனை பின்னாளில் வந்தது. 2007 மார்ச் 14 அன்று மேற்கு வங்காளம் நந்திகிராமில் இடது முன்னணி ஆட்சியின் போலீஸ் சுட்டதில் 14 பேர் இறந்தார்கள். ஆட்சி ராஜினாமா செய்யவில்லை; 2011 தேர்தலில் மக்கள் இறக்கினார்கள்.

சாதி விஷயத்திலும் வேறுபாடு உண்டு. வர்க்கம் தீர்ந்தால் சாதியும் தீரும் என்று பழைய கம்யூனிஸ்டுகள் நினைத்தார்கள். லோகியா அதை ஏற்கவில்லை. பிற்பட்டோர், தலித்துகள், பெண்கள் முதலியோருக்கு 60 சதவீத இடம் என்று கேட்டார். 1932-இல் ரஷ்யாவைப் பார்த்துவிட்டு வந்து ஈரோட்டில் சமதர்மத் திட்டம் வகுத்த பெரியாருக்கும் ஜீவாவுக்கும் பின்னர் நேர்ந்த பிரிவில்கூட இந்த முடிச்சு இருந்தது. ஆனால் வயலில் இறங்கிப் பார்த்தால் கோடு மங்கிவிடுகிறது. கீழத்தஞ்சையில் சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழியப் பாடுபட்டவர் பி. சீனிவாசராவ் என்ற கன்னடம் பேசும் கம்யூனிஸ்ட்.

வியாபாரியான எனக்கு இந்த வேறுபாடு புத்தகத்தைவிடச் சரக்கு இறக்குகிற இடத்தில்தான் தெளிவாகப் புரிந்தது. மூட்டை தூக்கும் ஹமால்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு ஒரே முதலாளி கிடையாது. காலையில் இந்தக் கடை, மத்தியானம் அந்தக் கடை. அப்படியானால் சேமநிதியை யார் கட்டுவது? புனேயில் சோஷலிஸ்டான டாக்டர் பாபா ஆடாவ் 1950-களில் ஹமால் பஞ்சாயத்து என்று ஒன்றைத் தொடங்கி இந்தக் கேள்வியை விடாமல் கேட்டார். 2025 டிசம்பரில் தமது 95-ஆம் வயதில் மறையும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். பம்பாயில் இதற்காகப் போராடிய அண்ணாசாகேப் பாட்டீல் காங்கிரஸ் பக்கம் நின்றவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1969-இல் மாத்தாடிச் சட்டம் வந்தது. வியாபாரி, தொழிலாளி, அரசு மூவரும் அமர்ந்த வாரியம் ஒன்று. நாம் கூலியையும், அதற்கு மேல் ஒரு விகிதத்தையும் வாரியத்தில் கட்டுகிறோம். சம்பளம், சேமநிதி, பணிக்கொடை எல்லாம் வாரியம் கொடுக்கிறது. கடை என்னுடையதாகவே இருக்கிறது, மூட்டை தூக்குபவருக்கும் முதுமைக்கு ஒரு பிடிப்பு இருக்கிறது. சோஷலிசம் என்பதற்கு என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். கம்யூனிஸ்ட் இதைக் குறை சொல்ல மாட்டார். ஆனால் கடை யாருடையது என்ற கேள்வியை நீங்கள் தொடவே இல்லையே என்பார். (மாத்தாடி பெயரைச் சொல்லிச் சிலர் கம்பெனிகளை மிரட்டிக் காசு பறிக்கிறார்கள் என்ற புகார் நம் சாகணிலேயே உண்டு. அது வேறு சங்கதி. அதைச் சோஷலிசத்தின் கணக்கில் எழுத முடியாது.)

காந்தியடிகள் மூன்றாவதாக ஒன்று சொன்னார். சொத்து உன்னிடமே இருக்கட்டும், ஆனால் நீ அதன் தர்மகர்த்தா என்று நினைத்து நடத்து என்றார். எங்கள் சமண இல்லறத்தாருக்குப் 'பொருள் வரைதல்' என்று ஒரு நோன்பு உண்டு. இவ்வளவுக்கு மேல் எனக்கு வேண்டாம் என்று அவரவரே கோடு போட்டுக்கொள்வது. காந்தி சொன்னது அதற்குப் பக்கத்துவீடு. இங்கே கோட்டை உள்ளம் போடுகிறது. சோஷலிசத்தில் சட்டம் போடுகிறது. கம்யூனிசத்தில் கோடு போட ஆலை தனியார் கையிலேயே இருக்காது. நோன்பு உயர்ந்ததுதான். ஆனால் அதை எடுத்துக்கொள்ளாத முதலாளியிடம் வேலை பார்ப்பவன் என்ன செய்வான் என்பதற்கு அதில் பதில் இல்லை என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த எல்லாக் கேள்விகளும் ஒன்றாக வந்து நின்றது 2013-இல், நம் சாகணில். பஜாஜ் ஆட்டோ ஆலையில் ஜூன் 25 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் சுமார் ஐம்பது நாள் நடந்தது. கோரிக்கைகளில் ஒன்று விசித்திரமானது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் கம்பெனியின் 500 பங்குகளைப் பங்கு ஒன்று 1 ரூபாய் விலையில் தர வேண்டும் என்றார்கள். சந்தையில் அதன் விலை ஆயிரத்துக்கும் மேல். நிர்வாகம் மறுத்தது, உற்பத்தியில் ஒரு பகுதியை ஔரங்காபாத் ஆலைக்கு மாற்றப்போவதாகவும் பேச்சு வந்தது.

இந்தக் கோரிக்கையைக் கம்யூனிச உரைகல்லில் உரசிப் பாருங்கள், தேறாது. பங்கு வாங்கிய தொழிலாளி பாதி முதலாளியாகி, பக்கத்தில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியை மறந்துவிடுவான் என்பது அவர்கள் அச்சம். உழைப்பவனே ஆலையை நடத்த வேண்டும் என்று டிட்டோவின் யூகோஸ்லாவியாவில் செய்து பார்த்த சோஷலிசத்துக்கு இது கொஞ்சம் உறவு. ஆனால் அங்கே ஆலை சமுதாயத்தின் சொத்து, பங்குச் சந்தையில் விற்கிற சரக்கு அல்ல. தர்மகர்த்தா முறைப்படி பார்த்தால், முதலாளி தானாக முன்வந்து கொடுக்க வேண்டியது. இந்தத் தொழில் குடும்பத்தின் மூதாதையான ஜம்னாலால் பஜாஜ், காந்தியடிகள் தம் மகனாகவே கருதியவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நிர்வாகத்தின் கட்சியோ, பங்கு என்பது முதலீடு செய்தவனுக்குரியது, உழைப்புக்குச் சம்பளம் இருக்கிறது என்பது. அதிலும் ஒரு கணக்கு இருக்கத்தான் செய்கிறது.

ஆகஸ்ட் நடுவில் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். பங்கு கிடைக்கவில்லை.