ஆட்டைக் கடித்த நாய் யாருடையது?

நெடுந்தீவின் புல்வெளியிலோ வேலணைத் தரவையிலோ மேய விட்ட ஆட்டை நாய் கடித்துக் கொன்றால், நட்டத்துக்கு யார் பொறுப்பு?

நாய்களைப் பதிவுசெய்யும் சட்டம் இலங்கைக்கு வந்தது 1901இல். நாய் வைத்திருப்பவர் ஆண்டுதோறும் உள்ளூராட்சி மன்றத்தில் கட்டணம் செலுத்திப் பதிய வேண்டும். யாழ்ப்பாணத் தீவகத்தில் ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு, காரைநகர் என நான்கு பிரதேச சபைகள்; நயினாதீவு வேலணைச் சபைக்குள் அடங்கும்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் நாய் வரிப் பணத்தைத் தனி நிதியாகச் சேர்த்து, நாய்களால் செம்மறிகளை இழந்தவர்களுக்கு அதிலிருந்தே நட்டஈடு கொடுத்தார்கள். கடித்த நாய்க்குச் சொந்தக்காரர் அகப்படாவிட்டாலும் பணம் கிடைத்தது. நல்ல ஏற்பாடுதான். நமது சட்டமோ விசர்நோய்க் கட்டுப்பாட்டையே பெரிதும் மனதில் கொண்டது. ஆடு போனால் நாயின் உரிமையாளரிடம்தான் கேட்க வேண்டும்; இணங்காவிட்டால் குடியியல் வழக்கு. அங்கே முதற்கேள்வியே, அது யாருடைய நாய் என்பது. கழுத்தில் பட்டியும் இல்லை, பதிவும் இல்லை என்றால் எல்லோரும் கையை விரித்துவிடுவார்கள்.

கால்நடைக்குக் காப்புறுதி செய்பவர்களே, நாய்க்கடியால் வரும் இழப்பும் அதில் அடங்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நாய் வளர்ப்பவர்களே, இந்த ஆண்டுக்கான பதிவையும் விசர்நோய்த் தடுப்பூசியையும் தவறவிடாதீர்கள். இரவில் நாயைக் கட்டி வையுங்கள்.