முதல் தவணை கட்டும் முன்: கல்விக் கட்டணமும் கல்விக் கடனும்

இலங்கையில் அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் மாணவர் முதல் பட்டத்துக்குக் கற்பித்தல் கட்டணம் கட்டுவதில்லை. உயர்தரப் பரீட்சையில் தேறியும் இசட் புள்ளி எட்டாமல் வெளியே நிற்பவருக்குத்தான் பணம் கட்டிப் படிக்கும் தேவை வருகிறது. ஒருகொடவத்தை, வெல்லம்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் அந்தப் பணம் பெரும்பாலும் நகை அடகிலிருந்தோ சீட்டிலிருந்தோ வட்டிக்காரரிடமிருந்தோ வருகிறது. முதல் தவணையைக் கட்டிய பிறகே அந்தப் பட்டம் செல்லுமா என்று விசாரிக்கும் பெற்றோர் ஏராளம். விசாரணை முதலிலும் பணம் பிறகும் வர வேண்டும்.

கட்டணமில்லாத வழிகளை முதலில் பார்க்க வேண்டும். நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையின் மோட்டார் வாகனப் பொறியியல் பயிற்சி நிறுவனம் ஒருகொடவத்தையிலேயே இருக்கிறது. மட்டக்குளியில் உயர் தேசிய டிப்ளோமா கற்பிக்கும் அரச உயர் தொழினுட்பக் கல்வி நிறுவனமும், மருதானையில் 1893இல் தொடங்கிய தொழினுட்பக் கல்லூரியும் உண்டு. இவற்றுக்கு விண்ணப்பிக்கும் காலம் தெரியாமலே, காலி வீதியில் கண்ணாடிக் கட்டடம் வைத்திருக்கும் வகுப்புக்குப் பல இலட்சம் கட்டப்படுகிறது.

தனியார் நிறுவனம்தான் என்று முடிவானால், அங்கீகாரத்தை விளம்பரத்தில் தேடக் கூடாது. உள்நாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்று பட்டம் வழங்க, 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அமைச்சர் வர்த்தமானியில் கட்டளை வெளியிட்டிருக்க வேண்டும். கட்டளை ஒவ்வொரு பட்டத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பதால், நிறுவனத்தின் பெயர் இருப்பது மட்டும் போதாது. சேரப்போகும் பட்டத்தின் பெயரும் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டமாயின், கொழும்பு 7, வார்ட் பிளேஸில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டுப் பதிலை எழுத்திலேயே வாங்க வேண்டும். டிப்ளோமா, சான்றிதழ் வகுப்புகளுக்கு நாரஹேன்பிட்டியிலுள்ள மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு உண்டா என்று பார்க்க வேண்டும். அந்தப் பதிவு பட்டம் வழங்கும் அதிகாரம் ஆகாது. அதைச் சுவரில் மாட்டிவைத்துப் பட்டப்படிப்புக்கு ஆள் சேர்ப்பவர்களிடம் எச்சரிக்கை தேவை.

தொழில் செய்யும் உரிமை இன்னொரு கதவு. மாலபேயில் இயங்கிய தனியார் மருத்துவக் கல்லூரி 2011இல் பட்டம் வழங்கும் அதிகாரம் பெற்றது. ஆனால் இலங்கை மருத்துவச் சபை அதன் பட்டதாரிகளைப் பதிய மறுத்தது. வழக்கும் போராட்டமும் ஆண்டுக்கணக்கில் நீண்டு, ஈற்றில் மாணவர்கள் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டனர். மருத்துவம், சட்டம், பொறியியல் போன்ற துறைகளில் தொழிற்சபையின் பதிலும் கையில் இருக்க வேண்டும்.

பவுண்டிலோ டொலரிலோ குறித்த கட்டணம் தனி ஆபத்து. 2022இல் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360ஐத் தாண்டியது. இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை ரூபாவில் எண்ணி வைத்திருந்த குடும்பங்கள் பாதியில் நின்றன. மொத்தக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், பதிவுக் கட்டணம், விலகினால் திரும்பக் கிடைப்பது எவ்வளவு என்பவற்றை ஒரே கடிதத்தில் முத்திரையுடன் கேட்டு வாங்க வேண்டும். நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு அன்றி எவரின் கைக்கும் காசு போகக் கூடாது. பற்றுச்சீட்டு இல்லாத பணம் கொடுக்காத பணமே.

அரசின் வட்டியற்ற மாணவர் கடன் திட்டம் 2017இல் தொடங்கியது. உயர்தரத்தில் தேறியும் அரச பல்கலைக்கழக இடம் கிடைக்காதவருக்கானது. வட்டியை அரசு ஏற்கிறது. கட்டணம் நேரே நிறுவனத்துக்குச் செல்கிறது. உயர் கல்விக்குப் பொறுப்பான அமைச்சு விண்ணப்பம் கோரும்போது வெளியிடும் கையேட்டில் உள்ள நிறுவனங்களுக்கும் பாடநெறிகளுக்கும் மட்டுமே அது பொருந்தும். ஏற்கெனவே வேறு வகுப்பில் பணம் கட்டிவிட்டு இந்தக் கடனைக் கேட்டு அலைவது வீண். படிப்பு முடிந்து சலுகைக் காலம் கழிந்ததும் முதலைத் திருப்பிச் செலுத்த வேண்டும். வட்டியற்றது என்பதை இலவசம் என்று எண்ணுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது கடன், கடன்தான்.

கடன் விண்ணப்பம் தடுமாறுவது பெரும்பாலும் அத்தாட்சிப் பத்திரங்களில். ஒருகொடவத்தையில் எல்லைக் குழப்பம் வழமை. வாக்காளர் இடாப்பில் பெயர் எந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவில் இருக்கிறதோ அங்கேயே வதிவிட அத்தாட்சி பெற்று, அதற்குரிய பிரதேச செயலகத்தில் ஒப்பம் வாங்க வேண்டும். கொலன்னாவைக்கும் கொழும்புக்கும் இடையே மக்களை அலைக்கழிக்கும் உத்தியோகத்தர்கள் இதை முதல் நாளே சொன்னால் என்ன? 2016 மே வெள்ளத்தில் களனி கங்கைக் கரையில் பலர் சான்றிதழ்களை இழந்தார்கள். பரீட்சைப் பெறுபேற்றின் பிரதியைப் பத்தரமுல்லை பெலவத்தையிலுள்ள பரீட்சைத் திணைக்களத்திடமும், பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும் பெறலாம். விண்ணப்பம் திறக்கும் வரை இதைத் தள்ளிப்போடக் கூடாது.

அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் உரிமை தருகிறது. சிங்களப் படிவத்தில் விளங்காமல் கையெழுத்திட எவரும் கடமைப்பட்டவரல்லர். பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுத்தில் கேள்வி அனுப்பலாம். தகவல் தரப்படுமா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். சட்டத்தால் அங்கீகரிக்கப்பட்ட தனியார் கல்வி நிறுவனங்களும் இதற்குள் அடங்கும் என்பது பலருக்குத் தெரியாது. பணம் வாங்கிக்கொண்டு சொன்ன சேவையைத் தராத நிறுவனத்தைப் பற்றி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். சட்டம் தரும் காலம் மூன்று மாதமே. பேசித் தீர்க்கலாம் என்று நிறுவனம் இழுத்தடிப்பது அந்த மூன்று மாதம் கடப்பதற்காகவும் இருக்கலாம்.

வங்கிக் கடனில் பிணை நிற்கும் மாமாவும் சித்தப்பாவும் வெறும் சாட்சிகள் அல்லர். கடனாளி கட்டாவிட்டால் முழுத் தொகையும் அவர்கள் தலையில் விழும். அவர்கள் பெயர் 1990இல் தொடங்கிய கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையிலும் ஏறக்கூடும். நாளை அவர்கள் கேட்கும் கடன் அதனாலேயே மறுக்கப்படலாம். பிணைப் பத்திரத்தின் பிரதியைக் கேட்டு வாங்காமல் எவரும் கையெழுத்திடக் கூடாது.

தவணை தவறப் போகிறது என்று தெரிந்த மாதமே வங்கிக்குப் பதிவுத் தபாலில் எழுதி, தவணையை மாற்றியமைக்கக் கேட்க வேண்டும். தொலைபேசியை எடுக்காமல் இருப்பது உதவாது. வங்கியுடன் தீராத முறைப்பாட்டை மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்குக் கொண்டு போகலாம். அழைப்பு எண் 1935. நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தால் அதைப் பிரிக்காமல் அலுமாரியில் வைப்பதே மிகப் பெரிய தவறு. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் வங்கி வழக்குத் தொடுத்தால், குறித்த நாளுக்குள் நீதிமன்ற அனுமதி பெற்று எதிர்வாதம் செய்யாதவருக்கு எதிராகத் தீர்ப்பு உறுதியாகிவிடும். சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர், புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் தலைமை அலுவலகத்துக்கு அந்தக் கடிதத்தையும் கடன் ஒப்பந்தப் பிரதியையும் பற்றுச்சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு, கடிதம் கிடைத்த வாரத்திலேயே போக வேண்டும்.